மார்பகப் புற்றின் உள்வகைகளும் ‘நெகட்டிவ்’ என்னும் சொல்லும்

ஒரு நோய்க்குப் பெயரிட முற்பட்ட மனிதன் முதலில் தன் கண்ணையே நம்பினான். கரையான் எழுப்பும் புற்றைப் போலத் தசை மேலெழுந்து உள்ளே கிளைத்துப் பரவுவதால் தமிழில் அது ‘புற்று’ ஆயிற்று என்று கொள்ளலாம். நடுவே தடித்துச் சுற்றிலும் கால் விரித்துக் கிடப்பதைக் கண்ட கிரேக்கர் நண்டின் பெயரால் ‘கார்கினோஸ்’ என்றனர். அரபு மொழியின் ‘சரத்தான்’ என்னும் சொல்லும் நண்டையும் இந்நோயையும் ஒருங்கே குறிக்கும். மூன்று மொழியிலும் பெயருக்கு அடிப்படை உருவமே.

உருவத்தைக் கொண்டு நோயை அளந்தவர்கள் உண்மையுள்ள மருத்துவர்களே. ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபா நகரில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்சஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீப்’ என்னும் பெருநூலில், கட்டி சிறிதாகவும் தொடக்க நிலையிலும் இருந்தால் முழுவதுமாக அகற்றலாம் என்றும், நாட்பட்டுப் பெருத்ததை அணுகாமல் விடுவதே நன்று என்றும் எழுதினார். அத்தகைய ஒன்றைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். தன் தோல்வியை நூலில் பதிவுசெய்யும் நேர்மை எந்தக் காலத்திலும் அரிதே.

ஆயினும் உருவ அளவை விளக்க இயலாத ஒன்று இருந்தது. ஒரே வயதுடைய இரு பெண்கள். ஒரே அளவான கட்டி. ஒரே கையால் அறுவை. ஒருவர் பேரப்பிள்ளைகளின் திருமணம் வரை வாழ்கிறார். மற்றவருக்கு இரண்டே ஆண்டில் நோய் எலும்பிலும் நுரையீரலிலும் தலைகாட்டுகிறது. நம் ஊர்களில் இதற்கு விதி என்று பெயர். மருத்துவ அறிவியல் இதற்கு வேறொரு விடை கண்டது. இருவருக்கும் வந்தது ஒரே நோய் என்று நாம் எண்ணியதுதான் பிழை. பெயர் ஒன்றாயினும் நோய் வேறு.

தமிழ் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும்போது அவற்றின் பருமனையோ நிறத்தையோ கொள்ளவில்லை. எந்த உயிர் எத்தனை புலன்களால் உலகை உணர்கிறது என்பதே அங்கு அளவுகோல். எனவே ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசை அமைகிறது. இன்றைய மார்பகப் புற்றின் வகைப்பாடும் ஏறத்தாழ இவ்வழியதே. கட்டியின் உயிரணு எதை உணர வல்லது, எந்தச் செய்தியைக் கேட்டு வளர்கிறது என்பதே அதன் வகையைத் தீர்மானிக்கிறது.

செவியுள்ள உயிரணு

உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் குருதியில் கலந்து எங்கும் செல்கின்றன. ஆனால் எல்லா உயிரணுவும் அவற்றுக்குச் செவிசாய்ப்பதில்லை. குறிப்பிட்ட ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம் எந்த உயிரணுவில் உள்ளதோ அதுவே அச்செய்தியைப் பெறும். அப்புரதத்தை ‘ஏற்பி’ என்கிறோம். மார்பகப் புற்றில் தேடப்படும் முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி என்பன. மருத்துவ அறிக்கையில் இவை ஈ.ஆர்., பி.ஆர். என்று சுருக்கமாக இருக்கும்.

இக்கதையின் தொடக்கம் மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை அகற்றினால் அது நெடுநாள் பால் தரும் என்று சில நாட்டு உழவர்கள் அறிந்திருந்ததைக் கவனித்தார். சினைப்பைக்கும் பால்மடிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று ஊகித்து, முற்றிய மார்பகப் புற்றுடைய பெண்களுக்குச் சினைப்பையை அகற்றிப் பார்த்தார். கட்டி சுருங்கியது. 1896-இல் அவர் இதை வெளியிட்டபோது ஹார்மோன் என்னும் சொல்லே பிறக்கவில்லை. ஆனால் இம்முறை எல்லாரிடத்தும் பயன்தரவில்லை. ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கே பலன் இருந்தது. அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியின்றி அரை நூற்றாண்டு கழிந்தது.

1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை உடலில் செலுத்தி, அது எத்திசுவில் தங்குகிறது என்று தேடி ஏற்பியைக் கண்டார். ஏற்பி உள்ள கட்டிக்கே ஹார்மோனைத் தடுக்கும் மருத்துவம் பயன்படும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஏற்பியின் செவியை அடைக்கும் டாமாக்சிஃபென் என்னும் மாத்திரை 1970-களில் புழக்கத்துக்கு வந்தது. கருத்தடை மருந்தாகத் தேடப்பட்டுத் தோற்றுப்போன பொருள் அது என்பது ஒரு வேடிக்கை. ஏற்பியுள்ள பெண் ஐந்தாண்டு தொடர்ந்து இதை உட்கொண்டால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. புற்றுநோய் மருந்துகளில் இதைவிட மலிவானவை மிகச் சிலவே.

மூன்றாவது அடையாளம் ஹெர்-2. இது உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் வளர்ச்சி ஏற்பி. நலமான உயிரணுவில் இதற்குரிய மரபணு இரு படிகளே இருக்கும். சில கட்டிகளிலோ பல படிகளாகப் பெருகி, ‘வளர், வளர்’ என்னும் கட்டளை ஓயாது ஒலிக்கும். 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 189 கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதில் இப்பெருக்கம் உள்ளதையும், அப்பெண்களுக்கு நோய் விரைந்து திரும்புவதையும் காட்டினர். பிற்கால ஆய்வுகளில் இப்பங்கு இன்னும் குறைவாகவே, பதினைந்து முதல் இருபது வரை என்று, காணப்பட்டது. 1998-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து இந்த ஏற்பியையே பற்றி நிறுத்துகிறது. மிகக் கொடிய வகை என்று அஞ்சப்பட்டது, மருந்துள்ள வகையாயிற்று.

2000-ஆம் ஆண்டில் சார்லஸ் பெரூ முதலியோர் 42 பேரின் 65 திசு மாதிரிகளில் 8,000-க்கு மேற்பட்ட மரபணுக்களின் செயற்பாட்டை ஒரே வேளையில் அளந்தனர். கட்டிகள் தாமாகவே குடும்பங்களாகப் பிரிந்து நின்றன. பால்நாளத்தின் உட்சுவர் அணுக்களை ஒத்தவை லூமினல் எனப்பட்டன; அடுத்த ஆண்டே அது மெதுவாக வளரும் ‘ஏ’, விரைந்து வளரும் ‘பி’ என இரண்டாயிற்று. ஹெர்-2 மிகுந்தவை ஒரு குடும்பம். நாளத்தின் அடியடுக்கு அணுக்களை ஒத்தவை பேசல் வகை. பெரும்பாலும் மூன்று ஏற்பியும் அற்றது இக்கடைசி வகையே. அறிக்கையில் ‘கே.ஐ.-67’ என்று ஓர் எண் இருக்குமே, அது பிளவுபடும் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்பதைக் காட்டும். ஜெர்மனியின் கீல் நகரில், ஆய்வுத் தட்டின் 67-ஆம் குழியில் கிடைத்ததால் அப்பெயர். ஊர்ப்பெயர் ஆகுபெயராவதற்கு இலக்கண வகுப்பில் இனி இதையும் சொல்லலாம்.

பழுப்பு நிறம்

மதுரை மருத்துவமனைகளில் மரபணுக் குடும்பங்களை நேரே அளப்பதில்லை. அது செலவு மிகுந்த வேலை. அதற்கு மாற்றாக நிறமேற்றிப் பார்க்கின்றனர். கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஃபார்மலின் கரைசலில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியினும் மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவர். தேடும் புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுவர். புரதம் இருந்தால் அங்கே பழுப்பு நிறம் ஏறும், இல்லையேல் ஏறாது.

சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து இறங்கி வரும் அழகர் எந்த நிறப் பட்டுடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று காண இலட்சக்கணக்கானோர் காத்திருப்பர். பச்சைப் பட்டாயின் அவ்வாண்டு செழிக்கும் என்பது இப்பகுதி உழவரின் நம்பிக்கை. நிறத்தில் எதிர்காலத்தைப் படிக்கும் வழக்கம் நமக்குப் பழகியதுதான். எனினும் நோய்க்குறியியல் மருத்துவர் படிக்கும் நிறத்தில் அளவு உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு அணுவின் உட்கருவில் பழுப்பு ஏறவேண்டும். நூறு புற்றணுவில் ஒன்றே நிறம் பெற்றாலும் ‘பாசிட்டிவ்’ என்பது 2010 முதல் நெறி. ஹெர்-2-க்கு அணுவைச் சுற்றி வேலிபோல் நிறம் தெரியவேண்டும். அதற்குப் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மூன்று என்றால் உறுதி. இரண்டு என்றால் ஐயம்; ‘ஃபிஷ்’ என்னும் மரபணுச் சோதனை செய்து முடிவு காண வேண்டும். (இப்பெயருக்கும் மீனுக்கும் தொடர்பில்லை.) இரண்டு என்று வந்த அறிக்கையைப் ‘பாதி பாசிட்டிவ்’ என்று கருதி அப்படியே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அடுத்த சோதனைக்குப் பணம் கேட்பார்களே என்னும் அச்சமே காரணம்.

இந்நிறம் பொய்யாகவும் கூடும். வெட்டி எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இடப்பட வேண்டும். ஆறு மணிக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணிக்கு மிகாமலும் அதில் ஊறவேண்டும். பெரிய கட்டியாயின் கரைசல் உட்புகுமாறு அறுத்து வைக்க வேண்டும். கரைசலும் திசுவைப் போலப் பன்மடங்கு இருத்தல் வேண்டும். சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் மாலையில் அறுவை செய்து, எடுத்ததை உப்புநீரில் போட்டு, மறுநாள் முற்பகல் உறவினர் ஒருவரிடம் கொடுத்துப் பேருந்தில் மதுரைக்கு அனுப்பினால், அதற்குள் புரதம் சிதைந்துவிடும். இருந்த ஏற்பி இல்லை என்று அறிக்கை வரும். அப்பெண்ணுக்கு உரிய எளிய மாத்திரை கிடைக்காமலே போகும். பத்து ரூபாய்க் கரைசலும் ஒரு மணி நேரமும் ஓர் உயிரின் கணக்கை மாற்றிவிடுவதை இந்நோயில்தான் காண்கிறோம். அறுவைக்கு முன்பே ஊசியால் சிறு துணுக்கு எடுத்து வகையறிவது, இதனாலும் பிறவற்றாலும், சிறந்த முறையாகக் கொள்ளப்படுகிறது.

‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’

அழகர்கோவில் சாலையை ஒட்டிய சிற்றூர்களிலிருந்தும் மேலூர்ப் பக்கத்திலிருந்தும் படிக்க வரும் மாணவர்கள், வீட்டுப் பெண்களின் மருத்துவ அறிக்கையை எப்போதேனும் துறைக்குக் கொண்டுவருவதுண்டு. “ஐயா, மூன்றும் நெகட்டிவ்னு போட்டிருக்கு. அப்ப ஒண்ணும் இல்லைதானே?” என்று முகமலர்ச்சியோடு கேட்ட மாணவனுக்கு விடை சொல்வது எளிதாக இல்லை. குருதிச் சோதனையில் மஞ்சள் காமாலையோ எச்.ஐ.வி.யோ கொரோனாவோ ‘நெகட்டிவ்’ என்றால் நோய் இல்லை என்று பொருள். அந்தப் பழக்கத்தில் படிப்பவர்க்கு இவ்வறிக்கை நேர் எதிரான செய்தியைத் தருகிறது. புற்று இருப்பது முன்பே உறுதியாகிவிட்டது. மூன்று வரிகளும் அதைப் பிடிக்கக் கைப்பிடி உண்டா என்றே சொல்கின்றன. ‘பாசிட்டிவ்’ என்றால் கைப்பிடி உண்டு. அதற்கேற்ற மருந்தும் உண்டு. மூன்றும் ‘நெகட்டிவ்’ என்றால் ஹார்மோன் மாத்திரையும் டிராஸ்டுசுமாபும் பயன்படா. பெரும்பாலும் வேதிமருந்தையே நம்ப வேண்டும். நோயும் விரைந்து நடக்கும் இயல்பினது.

எதிர்ப்புறத் தவறும் நிகழ்கிறது. ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்னும் சொல்லைக் கேட்டு இடிந்துபோகிற வீடுகள் உண்டு. பிறகு ஐந்தாண்டு மாத்திரையில் இரண்டாம் ஆண்டிலேயே, ‘உடம்பு தேறிவிட்டது’ என்று நிறுத்திவிடுவதும் உண்டு. மாத்திரையின் பயன் நோய் கண்ணுக்குத் தெரியாதிருக்கும் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

நம் கலைச்சொல்லாக்கம் இவ்விடத்தில் உதவவில்லை என்பது என் கருத்து. ‘மும்மை எதிர்மறை’ என்று மொழிபெயர்த்தால் சொல் தமிழாகிறது. பொருள் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. ‘ஏற்பி உள்ளது’, ‘ஏற்பி அற்றது’, ‘மூவேற்பி அற்ற புற்று’ என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் படித்த தாயும் எதுவோ ஒன்று இல்லை என்று உணர்வார். நோயே இல்லை என்று மயங்கமாட்டார்.

மூவேற்பி அற்ற வகை மேலை நாடுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை காணப்படுகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்கின்றனர். நம் நோயாளிகள் மேலை நாட்டினரினும் ஏறத்தாழப் பத்தாண்டு இளையவர்கள். இவ்வகை இளம் வயதினரிடம் மிகுதி. மேலே சொன்ன ஃபார்மலின் குறையும் இவ்வெண்ணிக்கையைச் சற்றே உயர்த்தியிருக்கலாம் என்று ஐயுறுவோர் உளர். இவ்வகையில் கைவிரிக்கும் நிலை இன்று இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இவ்வகை நோயுற்ற 720 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு கார்போபிளாட்டின் என்னும் பழைய, விலை குறைந்த மருந்தைச் சேர்த்தபோது, ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு உயர்ந்தது. 2022-இல் இது வெளியிடப்பட்டது. புதிய மருந்துகளின் விலையைக் கேட்டு மயங்கும் நமக்கு இச்செய்தி பெரிது.

விலையைப் பற்றி ஒரு சொல். டிராஸ்டுசுமாப் தொடக்கத்தில் நம் நடுத்தரக் குடும்பங்கள் நிலத்தை விற்றாலும் எட்டாத மருந்தாக இருந்தது. 2014-இல் இந்திய நிறுவனம் ஒன்றின் நிகர்மருந்து விற்பனைக்கு வந்தது; 2015-இல் உலக நல நிறுவனம் இதை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஓராண்டு தரப்பட்டு வந்ததை ஆறு மாதம் தந்தாலும் பயன் ஏறத்தாழக் குறைவதில்லை என்று இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் காட்டியது. வசதி குறைந்தோர் தம் மருத்துவரிடம் கேட்டறியத் தக்க செய்தி இது.

தந்தை வழி

தமிழகத்தில் இந்நோயை மறைவிலிருந்து வெளியே கொணர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறையும் வரை அதற்கே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1980-களில் அங்கு தொடங்கிய சென்னைப் பதிவேட்டில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. பின்னர் மார்பகப் புற்று அதை முந்தியது.

அந்நிலையத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களையும் ஆராய்ந்துள்ளனர். 1990-இல் மேரி கிளேர் கிங் 17-ஆம் குரோமோசோமில் இடம் குறித்து, 1994-இல் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.-1 பழுதுற்றால், வரும் புற்று பெரும்பாலும் மூவேற்பி அற்ற வகையாக இருக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு குறிப்பிட்ட பழுது தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டது. அது அவர்களிடமிருந்து வந்ததன்று, இங்கே தனியே தோன்றியது என்று ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள் 2007-இல் எழுதினர்.

பெரியோர்கள் கருதவேண்டிய செய்தி இதில் உண்டு. இம்மரபணுப் பழுது தாயிடமிருந்து வருவது போலவே தந்தையிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. பெண்களின் நோய் என்பதால் தாய்வழியையே விசாரிக்கிறோம். அத்தாவின் உடன்பிறந்தாள் இளவயதில் எதனால் மறைந்தார் என்று கேட்டால், ‘வயிற்றுவலி’, ‘காய்ச்சல்’ என்று விடை வரும். சூலகப் புற்றும் இதே மரபணுவால் வருவது; ‘வயிற்றுவலி’ அதுவாகவும் இருந்திருக்கலாம். பெண்பிள்ளைகளின் திருமணம் தடைப்படும் என்று மறைப்பது எங்கள் வீடுகளிலும் உண்டு, மற்றவர் வீடுகளிலும் உண்டு. மறைத்ததன் பயனாகத் திருமணம் நடக்கும். அந்தப் பெண் முப்பத்தைந்து வயதில் கட்டியைத் தொட்டுணரும்போது, எவரும் அவளிடம் சொல்லாத செய்தி அவள் உடலில் இருக்கும். மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே இவ்வாறு மரபுவழி வருவது. ஆகவே எல்லாக் குடும்பமும் அஞ்ச வேண்டுவதில்லை. இளவயது நோய், ஒரே குடும்பத்தில் பலர்க்கு நோய், மூவேற்பி அற்ற வகை ஆகியன இருப்பின் கேட்டறிதல் வேண்டும்.

மெழுகுக் கட்டி

உறுப்பைக் கொண்டு நோய்க்குப் பெயரிடும் வழக்கம் மார்பகத்தோடு நின்றுவிடாமல் எங்கும் தளர்ந்து வருகிறது. ஒருவகை இரத்தப் புற்றில் 1960-இல் காணப்பட்ட சிறிய குரோமோசோம், 2001-இல் இமாட்டினிப் என்னும் மாத்திரைக்கு வழிகாட்டியது. அதே மாத்திரை, ‘கிட்’ என்னும் அடையாளமுள்ள குடற்கட்டிக்கும் பயன்பட்டது. சென்னைப் பதிவேட்டில் ஆண்களிடையே முன்னிடங்களில் ஒன்றைப் பெற்றிருந்த வயிற்றுப் புற்றிலும் சிலருக்கு ஹெர்-2 மிகுதி உண்டு. 2010 முதல் டிராஸ்டுசுமாப் அவர்க்கும் தரப்படுகிறது. மார்பகத்துக்கென வந்த மருந்து ஓர் ஆடவரின் வயிற்றுக்கு ஏன் என்று உறவினர் வியப்பதற்கு, உறுப்பு வேறாயினும் அடையாளம் ஒன்று என்பதே விடை.

வகைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஹெர்-2 மதிப்பெண் ஒன்று என்றாலும், இரண்டு என்று வந்து ‘ஃபிஷ்’ சோதனையில் பெருக்கம் இல்லை என்றாலும், ‘நெகட்டிவ்’ என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். 2022-இல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன் என்னும் புதிய மருந்து, பரவிய நோயில், அந்தச் சிறிதளவு ஏற்பி உள்ளோர்க்கும் பயன்படுவது மெய்ப்பிக்கப்பட்டது. ‘குறை ஹெர்-2’ என்று புதியதொரு வகை பிறந்தது. அதன் விலை இன்றும் எளியோர்க்கு எட்டுவதன்று. எனினும் முன்பு ‘இல்லை’ என்று எழுதப்பட்ட பலருடைய அறிக்கையை மீண்டும் பார்க்க வேண்டியதாயிற்று.

அதற்குக் கட்டியை மறுபடி அறுக்கத் தேவையில்லை. திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி, தீப்பெட்டியினும் சிறியது, சோதனைக் கூடத்தில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் பல கழிந்தும் அதிலிருந்து புதிய சீவல் எடுக்கலாம்; ஐயமிருப்பின் வேறோர் ஆய்வகத்தில் காட்டலாம். நோயாளியோ குடும்பத்தாரோ எழுதிக் கேட்டால் மேல் மருத்துவத்துக்காக அதைப் பெறலாம். அறுவை முடிந்து வீடு திரும்பும்போது ஊடுகதிர்ப் படங்களை உறையிலிட்டு எடுத்துவரும் நம்மவர், அந்த எண்ணையும் மூன்று வரி அறிக்கையின் படியொன்றையும் கேட்டு வாங்கி வருவதில்லை.